வாத்துக்கு ஒரு தொட்டில்

மார்ச் 4, திங்கள்

அக்காவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். இந்த முறை என் காலில் விழுந்தது.

இது சைக்கிளே இல்லை. யாரோ பேனாவை எடுக்காமல் கிறுக்கிய கிறுக்கல். சாதாரண சைக்கிளில் மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், நடுவில் முக்கோணம் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். இதில் முக்கோணமே கிடையாது. ஹேண்டில்பாரிலிருந்து தடித்த குழாய் ஒன்று சரிந்து இறங்கி, பெடல் பக்கத்தில் வளைந்து, பின்சக்கரத்துக்கு ஏறுகிறது. அவ்வளவுதான் உடம்பு. சீட்டைத் தாங்கும் தண்டுகூட உருண்டை இல்லை, கத்தி உறை மாதிரித் தட்டை. அக்கா இதற்கு வைத்திருக்கும் பெயர் வாத்து.

வாத்துக்குப் பெடல் அச்சில் சத்தம். மிதிக்கும்போதெல்லாம் 'கடக்'. பேரிங் போய்விட்டது. அதை மாற்றுவது பெரிய வேலையில்லை. மாற்றி முடிக்கும்வரை சைக்கிளை அசையாமல் பிடித்து வைப்பதுதான் வேலை.

நானோ பிடித்து வைப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். தொழிற்சாலையில் ஃபிக்ஸர் பிரிவு. மெஷினில் ஒரு பாகத்தை வெட்டவோ துளைக்கவோ வேண்டுமென்றால் அது இம்மியும் நகராமல் கவ்விக்கொள்ள ஒரு சட்டம் வேண்டும். அதை வரைந்து செய்து கொடுப்பது நாங்கள். டிப்ளமாவில் இந்தப் பாடத்தில் நான்தான் முதல். போயும் போயும் ஒரு வாத்திடம் தோற்பதா?

மார்ச் 5, செவ்வாய்

தலைகீழ் யோசனையே தப்பு. பிரேக்கில் எண்ணெய் இருக்கிறது. கவிழ்த்தால் காற்று புகுந்துவிடும். நேற்றே தோன்றியிருக்க வேண்டும். அவசரம்.

மைக்ரோவின் அறைப் பரணிலிருந்து ரிப்பேர் ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி வந்தேன். மைக்ரோ என் பிரிவு நண்பன். டீ டம்ளரைக்கூட மைக்ரோமீட்டரால் அளந்து 'விளிம்பு தேஞ்சிருக்கு' என்பான். ஸ்டாண்டுக்கு மூன்று கால், ஒரு கம்பம், உச்சியில் ஒரு பல் உடைந்த இரும்புத் தாடை. தாடைக்குள் சைக்கிள் குழாயை விட்டுத் திருகைச் சுற்றினால் கவ்விக்கொள்ளும். கவ்வ இடம் வேண்டுமே. சீட் தண்டைப் பிடித்தால் நழுவுகிறது. பெரிய குழாயைப் பிடிக்க எனக்குத் தைரியமில்லை.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டாள். "இவ்ளோ குண்டா இருக்கு. இதுவா நசுங்கும்?"

"குண்டா இருந்தா பலமா? உள்ள வெறும் காத்து. சுவர் முட்டை ஓடு மாதிரி இருக்கும். தாங்குற எடத்துலதான் இறுக்கணும்க்கா. எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். தாங்காத எடத்துல இறுக்கினா பொருள் நகராது. ஆனா பொருளே இருக்காது."

மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து வாசல்படிதான் அவருடைய ஆபீஸ். "அப்போ உங்கம்மா என்னை இறுக்கறாங்களே மாப்ள, அது எந்தப் பாடம்?" என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மார்ச் 7, வியாழன்

அக்கா பஸ்ஸில் போய் வந்தாள். கால் வீங்கியிருக்கிறது.

விடிவதற்குள் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுபோவது அவள் வேலை. சின்ன வயதில் இடுப்பு எலும்பு முறிந்ததில் வலது கால் உயராது. எந்தச் சைக்கிளிலும் அவளால் ஏற முடியாது, வாத்தைத் தவிர. குழாய் தாழ்வாக இருப்பதால் வாசலைத் தாண்டுவதுபோல் உள்ளே கால் வைத்து உட்கார்ந்துவிடலாம். வாத்து இல்லையென்றால் அவளுக்கு அந்த வேலை இல்லை. இந்த வீட்டில் இப்போது ஓடும் சம்பளம் அவளுடையதும் என்னுடையதும்தான்.

சீக்கிரம் முடிக்க வேண்டும்.

மார்ச் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கவ்வவே கூடாது. உட்கார வைக்க வேண்டும்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் அதைப் பிடித்திருந்த ஃபோர்க்கின் இரண்டு நுனியும் வெறுமையாக நிற்கும். சக்கரத்தின் பாரத்தையே தாங்கப் பிறந்த நுனிகள் அவை. ஒரு நீளப் பலகை, அதன் ஒரு முனையில் மரக்கட்டை, அதில் ஒரு அச்சு. ஃபோர்க் நுனிகளை அந்த அச்சில் மாட்டித் திருகிவிட்டேன். பின்பக்கம், குழாய் வளைந்து ஏறும் இடத்தில், அதே வளைவுக்குக் குடைந்த கட்டை. மேலே பழைய டியூபை வெட்டி ஒட்டினேன். குழாய் அதில் சும்மா படுத்திருக்கும். நழுவாமலிருக்க மேலே ஒரு பெல்ட். எங்கேயும் நசுக்கல் இல்லை. உலுக்கினேன். பலகையோடு சேர்ந்துதான் ஆடியது.

மாமா வந்து எட்டிப் பார்த்தார். "ஊருக்குள்ள பிள்ளைக்குத்தான் தொட்டில் கட்டுவாங்க. இவன் வாத்துக்குக் கட்டியிருக்கான்."

பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டில்.

மார்ச் 10, ஞாயிறு

பேரிங் மாற்றியாகிவிட்டது. அக்கா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். சத்தமே இல்லை. "வெண்ணெய் மாதிரி போகுதுடா" என்று என் தலையைக் கலைத்தாள். எனக்குப் பிடிக்காது. இன்று ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

வெளியூரில் ஒரு மெஷினை நிறுவ என்னையும் மைக்ரோவையும் அனுப்புகிறார்கள். கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். "பஞ்சரானாலும் தொட்டில்லதான் வைக்கணும். ஸ்டாண்டைத் தொடக் கூடாது."

"உத்தரவு, கலெக்டர் சார்" என்றார் மாமா.

மார்ச் 19, செவ்வாய்

வந்துவிட்டேன். மெஷின் ஓடுகிறது. முதுகுதான் ஓடவில்லை.

வாத்தின் பெரிய குழாயில், நடுவில், சிவப்பும் வெள்ளையுமாக ஒளிரும் ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். அக்கா கிளம்பும் நேரம் இருட்டு. நல்ல புத்தி என்று பாராட்டினேன். "ம்" என்றாள்.

மார்ச் 22, வெள்ளி

மறுபடி சத்தம். முந்தைய 'கடக்' இல்லை. மெல்லிய 'கிறிச்'. தொட்டிலில் ஏற்றி, நான் போட்ட பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். குற்றமில்லை. திரும்ப மாட்டினேன். சத்தம் போகவில்லை. எரிச்சலாக வருகிறது. என் கை பட்ட இடத்தில் எனக்குத் தெரியாத சத்தமா?

"விடுடா, பழைய வண்டி, முனகத்தான் செய்யும்" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் பிரித்துவிடலாம் என்றேன். "வேணாம். இருக்கட்டும். ஓடுதுல்ல?"

மார்ச் 25, திங்கள்

அக்கா விழுந்துவிட்டாள்.

திருப்பத்தில் வாத்து நடுவில் மடங்கிவிட்டதாம். மடங்கிவிட்டது — ஒரு சைக்கிள் எப்படி மடங்கும்? இடது மணிக்கட்டு முறிவு. ரத்தப் பெட்டி சாலையில் உடைந்து, அத்தனை குப்பியும் போச்சு. ஒரு வயதானவருக்கு நரம்பு கிடைக்காமல் வெகு நேரம் தேடி எடுத்தாளாம். மறுபடி அவரைக் குத்த வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரியில் அழுதாள். கைக்காக அழவில்லை.

பெரிய வண்டி ஏதாவது பின்னால் வந்திருந்தால்?

எழுத முடியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

அம்மா நேரடியாகக் கேட்டுவிட்டாள். "கழட்டிக் கழட்டி மாட்டினியே. என்னத்தடா பண்ணி வச்சே?"

நான் எதுவும் சொல்வதற்குள் மாமா குறுக்கே வந்தார். "விடுங்க அத்தை. சின்னப் பையன். வேணும்னா பண்ணான்? தெரியாம எங்கியோ இறுக்கிட்டான். கை சரியாயிடும், அவ்ளோதான்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. "பாருடா, அவரு பொண்டாட்டி விழுந்து கெடக்கா. அவரு உன்னத் தாங்கிப் பேசறாரு. மனசுன்னா அது."

அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு "ஸாரி மாமா" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

மார்ச் 28, வியாழன்

லேபில் அக்காவுக்குப் பதில் வேறு ஆளைத் தற்காலிகமாக அனுப்புகிறார்கள். தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்று அவர்கள் சொல்லவில்லை.

வேலையில் இன்று ஒரு சட்டத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை வரவில்லை. எங்கே தப்பு? பெல்ட்டா? குடைந்த கட்டையில் ஓரம் கூர்மையாக இருந்ததா? மைக்ரோ பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான். "டேய், அழுமூஞ்சி. உன் தொட்டில் அந்தக் குழாய்ல எங்கெங்க தொடுதுன்னு வரைஞ்சு பாரு. உடைஞ்ச எடத்தையும் வரை. ரெண்டும் ஒண்ணா?"

உடைந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. அவள் விழுந்த தெருவில் ஒரு கடைக்காரர் வாத்தை எடுத்து வைத்திருக்கிறாராம்.

வீட்டில் சொன்னேன். "நீ எதுக்கு அலையறே மாப்ள. அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் மாமா.

"அது அலுமினியம்" என்றேன்.

மார்ச் 30, சனி

கடையிலிருந்து வாத்தை எடுத்து வந்தேன். வீட்டுக்கு இல்லை, மைக்ரோவின் அறைக்கு.

உடைந்தது ஸ்டிக்கருக்கு அடியில். தொட்டில் அங்கே தொடுவதே இல்லை.

ஸ்டிக்கரை உரித்தேன். குழாயின் இரண்டு விலாவிலும் எதிரெதிராகப் பள்ளம். பள்ளத்தில் வரி வரியாகப் பல் பதிந்திருக்கிறது. நடுவில் ஒரு வரி மட்டும் இல்லை. மைக்ரோ என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய ஸ்டாண்ட். தாடையில் எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மூலையில் நின்ற ஸ்டாண்டின் தாடையைப் பார்த்தேன். பல்லிடுக்கில் வாத்தின் நீலப் பெயிண்ட்.

என் ஸாரியை வாங்கிக்கொண்டாரே மாமா! தலையை வேறு ஆட்டினார்!

மார்ச் 31, ஞாயிறு

அம்மாவும் மாமாவும் கடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், அவள் புருஷன் செய்ததை அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் — இப்படித்தான் போனேன், மடையன். உரித்த ஸ்டிக்கரை அவள் மடியில் போட்டேன்.

"மாமா ஸ்டாண்ட்ல வச்சு இறுக்கியிருக்காருக்கா. நசுக்கிட்டு மேல இதை ஒட்டியிருக்காரு."

"நான்தான் ஒட்டினேன்."

புரியவில்லை எனக்கு.

"அவர் இறுக்கறப்போ பின்னாடி புடிச்சிட்டிருந்தது நான்தான்."

அப்புறம் எல்லாம் சொன்னாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. நான் ஊருக்குப் போன பிறகு பின்சக்கரம் பஞ்சர். அம்மா மாமாவிடம், ஒரு பஞ்சர் ஒட்டக்கூடத் துப்பில்லையா என்று கேட்டிருக்கிறாள். தொட்டிலில் வைக்க முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிரேக்கில் கை வைக்க மாமாவுக்குப் பயம். ஸ்டாண்டில் மாட்டினார். சீட் தண்டு நழுவியது. பெரிய குழாயைக் கவ்வினார். அதுவும் நழுவியது. இன்னொரு சுற்று.

"நானும் 'இறுக்குங்க, விழுந்துடும்'னு சொன்னேன். டின் நசுங்கற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு."

"சத்தம் கேட்டுமா அதுல ஏறி ஓட்டினே?"

"பள்ளம்தானேன்னு நெனச்சேன். உடையும்னு தெரிஞ்சா ஏறுவேனா? நீ பாத்தா அவரைக் கத்துவே. அம்மா காதுல விழும். அதான் ஒட்டினேன்."

சரி. அதுவரை சரி. முட்டாள்தனம், ஆனால் சரி.

"விழுந்த அப்புறம்? அம்மா என்னைக் கேட்டப்போ அங்கதானே படுத்திருந்தே? முழிச்சுட்டுத்தானே இருந்தே?"

மடியில் கிடந்த ஸ்டிக்கரை எடுத்து மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உன்னத் திட்டினா ஒரு வாரம் திட்டுவாங்க. அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவாங்க. நீ புள்ள. அவரைச் சொன்னா அது அம்மா வாயிலேர்ந்து சாகறவரைக்கும் போகாது. அவர் ஏற்கெனவே... பாக்கறேல்ல, அந்தப் படியிலயே உக்காந்திருக்காரு." நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே சொன்னே. தாங்குற எடத்துலதான் இறுக்கணும்னு."

ஏப்ரல் 1, திங்கள்

நான் குடுத்த பாடம். என் மேலயே போட்டுட்டா.

இறுக்கும் முன் பொருளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை, உண்மை. ஆனால் நான் என்ன பொருளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தலையை நீட்டியிருப்பேனே. ஆமாம்மா, நான்தான்னு சொல்லியிருப்பேனே. அவளுக்காக அதுகூடச் செய்யமாட்டேனா? கேட்காமல் எடுத்துக்கொண்டாள். அதுதான்.

மாமாமேல் கோபம் வருகிறது, போகிறது. அவள்மேல் வந்தது போகவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 3, புதன்

இன்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லவில்லை.

வேலையிலிருந்து வேகமாக வந்தேன், செருப்பைக்கூடக் கழற்றாமல். அம்மா மாமாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டை மேசையில் 'டொக்'கென்று வைத்துவிட்டுப் போகும் அம்மா, பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளை" என்றாள். மாமா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். ஒரே கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். அக்கா கதவோரம் நின்று என் வாயையே பார்த்தாள்.

உள்ளதை உள்ளபடி மூஞ்சிக்கு நேரே சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். ஃபோர்மேனையே சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். "தண்ணி வேணும்" என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மைக்ரோவின் அறைக்கு வந்துவிட்டேன். வீட்டில், ஷிஃப்ட் மாறிவிட்டது, இங்கிருந்து தொழிற்சாலை பக்கம் என்று சொன்னேன். "அக்காவைத் தள்ளிவிட்டுட்டு மூஞ்சி காட்ட முடியலை போல" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாளாம். சொல்லட்டும்.

என் கட்டிலுக்கும் மைக்ரோவின் கட்டிலுக்கும் நடுவில் உடைந்த வாத்து கிடக்கிறது. காலையில் இறங்கினால் காலில் இடிக்கிறது.

ஏப்ரல் 13, சனி

குழாயை ஒட்டவைக்க முடியும். அலுமினியம் வெல்டிங் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். "சூடு பட்டா முறுக்கிக்கும் தம்பி. நேரா புடிச்சுக் குடுத்தா நான் அடிச்சுத் தர்றேன்" என்றார். மறுபடி அதே வேலை. பிடித்துக் கொடுப்பது.

கனத்த இரும்புச் சட்டம் ஒன்று செய்தேன். ஃபோர்க் நுனி ஒரு முனையில், பின்சக்கர அச்சு மறுமுனையில். நடுவில் எதுவும் தொடாது. உடைந்த குழாய்க்குள் நுழைக்க ஒரு குழாய்த் துண்டு, வெளியே போர்த்த ஒரு பட்டை. பட்டறைக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மைக்ரோவுக்கு ஷிஃப்ட். அறை வாசலில் மாமா நின்றிருந்தார். யார் சொல்லி வந்தாரோ. கேட்கவில்லை. சட்டத்தின் மறுமுனையைத் தூக்கினார்.

பாதி வழியில், "மாப்ள, நான் அன்னிக்கே சொல்லலாம்னுதான்—"

"நேரா புடிங்க மாமா. சாயுது."

"அவதான் வேணாம்னு—"

"சாயுது மாமா."

வியர்வை என்பதுபோல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பட்டறையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சம் பொரிந்தது. ஆறியதும் சட்டத்திலிருந்து கழற்றி, நூல் பிடித்துப் பார்த்தேன். கோணவில்லை.

ஏப்ரல் 20, சனி

இந்த வாரம் முழுவதும் வாத்தில்தான் வேலைக்குப் போனேன். பின்னால் பெட்டியில் மணல் மூட்டை. பள்ளம் மேடு ஒன்றையும் விடவில்லை. கேட்டில் செக்யூரிட்டி, "என்ன சார், உங்க அத்தை வண்டியா?" என்கிறார் தினமும். அதே ஜோக். வெல்டிங்கைத் தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை. சத்தமில்லை.

நான் உட்கார்ந்து உடையாவிட்டால்தான் அவள் உட்காரலாம்.

ஏப்ரல் 27, சனி

கட்டு பிரித்துவிட்டார்கள். திங்கள் முதல் அக்காவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா குழாயில் போர்த்திய பட்டையைத் தடவிப் பார்த்தாள். அம்மா அவள் பின்னால் நின்று சொன்னாள்: "இனிமே நீ அதுல கை வெக்காதேடா. ஒண்ணுன்னா மாப்பிள்ளை பாத்துக்குவார்."

மாமா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது. ஒரு வார்த்தை. முழுசாகக்கூட வேண்டாம்.

அவள் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரிம்மா" என்றேன்.

கிளம்பும்போது மூலையில் நின்ற ஸ்டாண்டைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள், முழுசாகத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தாடையின் திருகை மட்டும் சுற்றிச் சுற்றிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தாடை வாயைப் பிளந்தபடி நின்றது. இனி அது எதையும் கவ்வாது.

மே 3, வெள்ளி

அக்காவிடமிருந்து செய்தி. 'வாத்து பஞ்சர். ஸ்டாண்ட் திருகைக் காணோம்னு அவர் தேடறார். பாத்தியா?'

'தொட்டில்ல வைங்க. முன்சக்கரத்தைக் கழட்டினா போதும். பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. 'எங்களுக்கு வரலைடா. நீ வா. நான் புடிச்சுக்கறேன்.'

இன்னும் பதில் போடவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, நல்ல காற்று. வேலைக்கான வரைபடங்களைப் பறக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறேன். மேலே அந்தத் திருகு.